நடையையும் எழுதித் தாருங்கள்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம், 'அலட்டிக்காம படுங்க' என்பார்கள் வீட்டார். அன்பில் சொல்வதுதான். ஆனால், 2025 ஜூனில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வு வேறு கதை சொல்கிறது.

பெரும்பாலும் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த 889 பேர். அறுவையும் அதன் பின் கீமோதெரபியும் முடித்தவர்கள். ஒரு பாதிக்கு உடல்நலக் கையேடு மட்டும். மறுபாதிக்குக் கையேட்டோடு, 3 ஆண்டுகள் விடாமல் தட்டிக்கொடுத்து நடக்கவைக்க ஆள். 8 ஆண்டுக் கணக்கில், பயிற்சி பெற்றவர்களில் 90 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர், மற்றவர்களில் 83. ஒரு புதிய மாத்திரை இதைச் சாதித்திருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும்!

பயிற்சி என்றதும் பளுதூக்குவதை நினைக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலே ஏறக்குறைய ஆய்வில் கேட்ட அளவு வந்துவிடும். தசை, மூட்டுத் தொந்தரவுகள் பயிற்சி பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதல்தான். ஆய்வு அதை மறைக்கவில்லை. வயிற்றுக் காயம் முழுதாக ஆறும் முன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கையேடு மட்டும் போதவில்லை என்பதே இதில் நமக்கு உறைக்க வேண்டியது. கூடவே நின்று நடக்கவைக்க, புற்றுநோய்ப் பிரிவுதோறும் இயன்முறை மருத்துவரை அமர்த்துங்கள். காப்பீட்டுத் திட்டங்களில் அவருக்கான கட்டணத்தையும் சேருங்கள்.