தோற்றம்: 1930

பாட்டி போய் அடுத்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுக்க வேண்டும். படம் தயார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியலும் தயார். 'தோற்றம்' என்ற இடத்தில் என்ன தேதி போடுவது என்பதில்தான் பெரிய மாமாவுக்கும் அம்மாவுக்கும் மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் வழக்கு.

மாமாவிடம் அடையாள அட்டையின் நகல் இருக்கிறது. 1 ஜனவரி 1934. தோட்டத்தில் பிறந்த பழைய ஆட்கள் பலருக்கும் ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள் என்பது உங்கள் வீட்டிலும் தெரிந்த சங்கதியாக இருக்கும். அம்மாவிடம் அட்டை எதுவும் இல்லை. பாட்டி என்னிடம் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பாயான் லெப்பாஸில் என் கம்பெனி எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நானும் மடிக்கணினியும் ஒரு பக்கம், பாட்டியும் அவருடைய சாய்வு நாற்காலியும் ஒரு பக்கம். ஒரு நாள் சந்தைக்குப் போய் வரிசையில் நின்று, கிடைத்ததை எல்லாம் அள்ளி வந்தேன். அதில் மரவள்ளிக்கிழங்கும் இருந்தது. பாட்டி பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதை எடுத்துட்டுப் போயிரு பாப்பா. நான் சாவற வரைக்கும் திங்க வேண்டியதை அப்பவே தின்னுட்டேன்."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பாட்டி மரவள்ளி சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று ஒருநாளும் கேட்டதும் இல்லை.

சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் பாட்டி. 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் கெடாவுக்குள் நுழைந்தபோது, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாராம். பிறகு அரிசி நின்றது. மூன்று வருடம் எட்டு மாதம் கிழங்குதான். 1943இல் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் போடப் பிடித்துப் போனார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்தத் தண்டவாளத்தில் அவர் எந்த இடத்தில் விழுந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதே வருடக் கடைசியில் கெடாவை ஜப்பான், சயாமிடம் ஒப்படைத்தது. "சயாம்காரன் கொடி ஏறின மாசந்தான் நான் பெரிய மனுஷி ஆனேன். சடங்குக்குத் துணி ஏது? கோணிச்சாக்கைத் தொவைச்சு எங்கம்மா சுத்தி விட்டாங்க" என்றார் பாட்டி. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1934இல் பிறந்திருந்தால் அப்போது அவருக்கு ஒன்பது வயது. அந்தப் பட்டினியில் ஒன்பது வயதில் எப்படி? "அப்படின்னா கார்டுல இருக்கிறது தப்பா பாட்டி?" என்று கேட்டேன்.

"அது அந்தக் கிளார்க்கு வயசு" என்றார்.

1948இல் அவசரகாலம் பிறந்து, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிந்து அட்டை கொடுத்தார்கள். தோட்ட ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர், பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டிருக்கிறார். கொள்ளுப்பாட்டிக்கு வருடக் கணக்குத் தெரியாது. "ஆளுங்களைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிச்சாங்களே, மொதக் கப்பல் போறப்ப இவ கைக்குழந்தைங்க" என்று சொன்னாராம். அதைக் கணக்குப் போட அவருக்கு நேரமில்லை. எதிரில் நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். எலும்பும் தோலுமாக, குட்டையாக இருந்தார் பாட்டி. பதினாலு என்று எழுதிவிட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பத் தொடங்கியது 1930இல். கொள்ளுப்பாட்டி சொன்ன பதில் அந்தக் கிளார்க் எழுதியதைவிடத் துல்லியமானது.

நாலு வயதுதானே, இதில் என்ன என்று மாமா கேட்கிறார். எனக்கு அது நாலு வயது இல்லை. சேமநிதிப் பணம் முழுவதையும் 55 வயதில்தான் எடுக்க முடியும். பினாங்குப் பாலம் திறந்த 1985இலேயே, "முட்டி வலிக்குதுன்னு சொல்றீங்களே, வந்துருங்கம்மா" என்று அம்மா கூப்பிட்டிருக்கிறார். "கார்டுப்படி இன்னும் நாலு வருஷம் இருக்கே" என்று பாட்டி மறுபடியும் விடிகாலை உளியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனார். நான் பிறந்தது 1986இல். தொழிற்சாலையில் அம்மாவுக்கு இரவு வேலை. மூன்று வயதுவரை என்னைப் பக்கத்து வீடுகளில் மாற்றி மாற்றிப் போட்டு வளர்த்தார்கள். பாட்டி 1989இல்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு பாலத்தைத் தாண்டி வந்தார். வந்த அன்று நான் அவரிடம் போகாமல் அழுதேனாம். அம்மா இதை இப்போதும் சொல்லிக் காட்டுவார்.

பாட்டிக்கு இதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. 2013 தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கைகொடுத்த ஒரு பையன் "பாட்டிக்கு என்ன வயசு?" என்று கேட்டான். "எது வேணும் ஐயா? கார்டு வயசா, என் வயசா?" என்றார்.

நேற்றிரவு மாமா தொலைபேசியில் அழைத்தார். "மரணச் சூராட்டுல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு இருந்தா நாளைக்கு யாராச்சும் கேக்க மாட்டாங்களா?"

"யாரு அண்ணே கேப்பா?" என்றார் அம்மா. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, போடு" என்றார்.

இன்று காலை விளம்பரத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "அக்கா, தோற்றத்துல வெறும் 1930னு இருக்கு. நாளும் மாசமும் விட்டுப்போச்சு."

போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"விட்டுப்போகலம்மா. அவ்வளவுதான் தெரியும். அப்படியே போடுங்க."