பம்ப் போச்சு என்பவரிடம் கேளுங்கள்: எத்தனை பார்?

பிரான்சின் கிராமங்களில் அக்டோபர் பிறந்துவிட்டால் ஒரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழும்: "பம்ப் போச்சு." விறகு பிளக்கும் மெஷின் திடீரென்று சக்தி குறைந்து நின்றுவிடும். சொந்தக்காரர் கடைக்குப் போன் செய்வார். எதிர்முனையில் இருப்பவர் மெஷினைப் பார்த்திருக்க மாட்டார், அதன் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார், ஆயில் எவ்வளவு இருக்கிறது என்றுகூட விசாரிக்க மாட்டார். தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடும். அளந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை யாரும் ஏற்கக் கூடாது என்பதே என் கட்சி.

புதுச்சேரியிலிருந்து படிக்கும் நண்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நம் ஊர் விறகுக்கடையில் கோடாலியும் இரும்பு ஆப்பும் செய்த வேலையை இங்கே ஹைட்ராலிக் மெஷின் செய்கிறது. ஓக், பீச் போன்ற கெட்டி மரத்தை 'ஸ்தேர்' கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு மீட்டர் நீள விறகை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்தேர். அதை அடுப்புக்கு ஏற்றபடி அறுத்துப் பிளந்து காயவைக்க வேண்டும். விறகையே நம்பிக் குளிர்காலத்தைக் கடத்தும் முதியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு இந்த மெஷின் நிற்பது, நமக்கு மழைக்காலத்தில் கூரை ஒழுகுவது மாதிரி.

மெஷினுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. ஆயில் டாங்க், பம்ப், வால்வு, சிலிண்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ். அவ்வளவுதான். இதன் தத்துவத்தை பஸ்கால் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு 1663இல் அது அச்சானது. சிறிய பிஸ்டனைவிடப் பெரிய பிஸ்டனின் பரப்பு நூறு மடங்கு என்றால், சிறியதை ஒருவர் தள்ளுவது பெரியதை நூறு பேர் தள்ளுவதற்குச் சமம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த யாருக்கும் இது பாலபாடம். 63 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டனின் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. அதில் 200 பார் அழுத்தம் இருந்தால் 6 டன்னுக்குச் சற்று மேல் பலம் கிடைக்கும். அழுத்தம் 100 பாருக்கு இறங்கினால் பலமும் பாதியாகிவிடும். ஆக, "பலம் இல்லை" என்பது ஒரு எண்ணால் சொல்ல வேண்டிய விஷயம்.

முக்கியமான இடம் இதுதான். பம்ப் அழுத்தத்தை உற்பத்தி செய்வதில்லை. அது ஆயிலை நகர்த்துகிறது. நகரும் ஆயிலுக்கு மரக்கட்டை எதிர்ப்புக் காட்டும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. வழியில் எங்காவது ஆயில் தப்பித்து ஓடினால், புத்தம் புதிய பம்ப் வைத்தாலும் அழுத்தம் ஏறாது. தப்பிக்கும் வழி ரிலீஃப் வால்வாக இருக்கலாம்: ஒரு துணுக்குக் குப்பை சிக்கி அது முழுதாக மூடாமல் நிற்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். இன்னொரு பக்கம், பம்புக்கு ஆயிலே சரியாக வந்து சேராமல் இருக்கலாம். இத்தனை பேர் சந்தேக வட்டத்தில் இருக்க, எல்லாரிலும் விலை கூடிய பம்பின் மேல் மட்டும் விரல் நீள்வது ஏன்?

போன வருஷம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். தனியாக வசிக்கும் ஒரு பாட்டி, விவசாயியின் மனைவியாக இருந்தவர். அவருடைய மெஷின் கிரீச்சென்று கத்தியது. பிஸ்டன் விட்டு விட்டு நகர்ந்தது. விற்ற கடையில் போனிலேயே பம்ப் என்று சொல்லிவிட்டார்கள். செலவு, மெஷின் விலையில் பாதிக்குப் பக்கம். பம்ப் வர ஆறு வாரம். பாட்டி ஒன்றும் பேசாமல் நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தார். என் மாப்பிள்ளை போய் டாங்கைத் திறந்து, பம்புக்கு ஆயில் போகும் வழியில் உள்ள சல்லடையைக் கழற்றினார். மரத்தூளும் பழைய ஹோஸின் உட்புறம் உரிந்த கறுப்புத் துணுக்குகளும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றினார். சாயங்காலம் பாட்டி விறகு பிளந்துகொண்டிருந்தார். மூச்சு முட்டிக் கத்தியவனைச் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மெஷின் தன் நோயைத் தானே சொல்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும். கீச்சுக் கத்தல் என்றால் பம்புக்கு ஆயில் போதவில்லை: சல்லடை அடைப்பு, அல்லது குளிரில் கெட்டியான ஆயில். உறைபனிக் காலையில் சில நிமிஷம் சுமையில்லாமல் ஓடவிட வேண்டும். ஆயில் நுரைத்தால் காற்று உள்ளே போகிறது: ஆயில் குறைவு, அல்லது பம்புக்கு வரும் குழாயின் இணைப்பில் தளர்ச்சி. பால் மாதிரி வெளுத்து, வைத்திருந்தும் தெளியாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஓடியும் எதுவுமே அசையாவிட்டால், எஞ்சினையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கை முதலில் பாருங்கள். இரண்டு கட்டப் பம்ப் உள்ள மெஷினில் பிஸ்டன் வேகமாக வந்து, மரத்தில் முட்டியதும் எஞ்சின் திணறி நின்றால், பெரிய கியரின் ஆயிலை டாங்குக்குத் திருப்பிவிட வேண்டிய வால்வு சிக்கியிருக்கக்கூடும். சிறிய மின்சார மெஷின்களில் காற்றுத் திருகு ஒன்று உண்டு; வேலைக்கு முன் அதைச் சில சுற்று தளர்த்தாவிட்டால் சீல் கெடும். நீளமான மெல்லிய ஒயரில் மின்சாரம் எடுத்தாலும் மோட்டார் சோர்ந்துவிடும். இவற்றில் எதற்கும் புது பம்ப் மருந்தில்லை.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் அழுத்தமானி இருக்கிறது. மெஷினின் உச்ச அழுத்தத்துக்கு மேல் காட்டக்கூடிய ஒன்றை, பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டி, பிஸ்டன் கடைசிவரை போய் முட்டும்போது முள்ளைப் பார்க்க வேண்டும். முழு அழுத்தம் காட்டினால் பம்ப் நிரபராதி. குற்றவாளி முடிச்சு விழுந்த மரமாகவோ மழுங்கிய ஆப்பாகவோ இருக்கும். குறைவாகக் காட்டினால், சிலிண்டருக்குப் போகும் வழியை மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்போது ஏறினால் சிலிண்டர் சீல். ஏறாவிட்டால் ரிலீஃப் வால்வைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். அதற்கும் ஏறாவிட்டால்தான் பம்ப். இந்த அழுத்தமானியின் வளைகுழாய்க்கு எஜேன் பூர்தோன் காப்புரிமை வாங்கியது 1849இல், இதே பிரான்சில். அவருடைய நாட்டிலேயே அதை மாட்டாமல் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நான் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா. குறிப்பும் ஆதாரமும் இல்லாத கோப்பில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு முதியவளின் குளிர்காலச் சேமிப்பைக் கேட்கும் தீர்ப்புக்கு மட்டும் ஆதாரம் வேண்டாமா?

ரிப்பேர்க்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. "மணிக்கூலி அதிகம், தேடிக் கண்டுபிடிப்பதைவிட மாற்றுவது மலிவு" என்பார்கள். காரணம் தெரிந்த பிறகு அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். தெரியாமல் மாற்றினால், அடைந்த சல்லடை புது பம்பையும் தின்றுவிடும், பில் இரண்டாகும். "ஆட்கள் தாங்களே கழற்றி ஆபத்தில் மாட்டுவார்கள்" என்பது இன்னொரு வாதம். அந்தப் பயம் சரியானதே. அழுத்தத்தில் உள்ள ஹோஸின் ஒழுக்கைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித்துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ஒழுக்கைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். எதைக் கழற்றுவதற்கு முன்பும் எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். பலம் வரட்டும் என்று ரிலீஃப் திருகை முறுக்குவதும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய நெம்புகோல்களில் ஒன்றைக் கம்பியால் கட்டிவைப்பதும் தற்கொலைக்குச் சமம். இவை தெரியாதவர் தொடாமல் இருப்பது நல்லது. ஆனால் கேள்வி கேட்பதில் என்ன ஆபத்து?

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கையேட்டில் பக்கம் பக்கமாக எச்சரிக்கை. கோளாறு அட்டவணையிலோ "விற்பனையாளரை அணுகவும்". எத்தனை பார் இருக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்ற இரண்டு வரியைப் பல கையேடுகளில் தேடினாலும் கிடைக்காது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கைபேசி, மடிக்கணினி, டி.வி., வாஷிங் மெஷின், புல்வெட்டும் மெஷின் ஆகியவற்றுக்கு, எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புல்லுக்கு உள்ள நியாயம் விறகுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலில் இந்த மெஷினையும் சேர்க்க வேண்டும். அழுத்தம் அளக்க ஒரு துளையும் அதன் பக்கத்தில் உரிய எண்ணும் ஒவ்வொரு மெஷினிலும் இருக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது அந்த ஒரு கேள்விதான். பம்ப் போச்சு என்று யார் சொன்னாலும், மரியாதையாக, "எத்தனை பார் காட்டியது?" என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் பணத்தை எடுங்கள். தோளைக் குலுக்கினால், மெஷினை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து முதலில் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள்.