செடி வைம்மா, சரியாயிரும்

‘அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்றொரு பழமொழி உண்டு. அவசரக்காரியைக் கேலி செய்வதற்காகச் சொல்வது. அவளைச் சுற்றச் சொன்னது யார் என்று பழமொழி கேட்பதில்லை. மாமியார் சொல்லியிருப்பார், சோசியர் சொல்லியிருப்பார், எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்லியிருப்பார். கேலி மட்டும் சுற்றியவளுக்கு. இப்போது ஊருக்குள் அரச மரங்கள் குறைந்துவிட்டன. அந்த இடத்துக்குத் தொட்டிச் செடி வந்திருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தால் நாலைந்து நாளைக்குள் யாராவது ஒரு கன்றோடு வந்துவிடுகிறார்கள். ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கலைந்தபோதும் வந்தார்கள். சித்தி பிச்சிப் பதியன் கொண்டுவந்தார். மைனி கறிவேப்பிலைக் கன்று. மாமியார் தன் பங்குக்குப் பின்வாசலில் நின்ற பப்பாளியை வெட்டிச் சாய்த்தார். “செடி வைம்மா, மனசு சரியாயிரும். இது தழைச்சா ஒனக்கும் தழைச்சிரும்.” அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை மூன்று வருடம் சுமந்து பார்த்துவிட்டேன். அதை இனி எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக் கூடாது என்று வாதாடத்தான் இதை எழுதுகிறேன்.

செடிமேல் எனக்குக் கோபம் கிடையாது. மாடியில் இன்றும் பதினாறு தொட்டி நிற்கிறது. பாதி தொட்டிகூட இல்லை, இறால் கம்பெனிகள் வெளியே போடும் தெர்மாகோல் பெட்டிகள். அடியில் ஓட்டை போட்டு, தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் சாண உரமும் கலந்து நிரப்பினால் வெயிலில் வேர் வேகாமல் இருக்கும். அரசுத் தோட்டக்கலைத் துறையும் மானிய விலையில் பையும் விதையும் சேர்த்து ஒரு தொகுப்புத் தருகிறது. அதற்கு ‘மாடித் தோட்டத் தளை’ என்று பெயர். தளை என்றால் விலங்கு என்றும் ஒரு பொருள் இருப்பது பெயர் வைத்த அதிகாரிக்கு நினைவு வரவில்லை போலும்.

இந்த ஊரில் செடி வளர்ப்பது லேசான வேலையும் அல்ல. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் முதலில் இலையின் ஓரம் பழுக்கும், பிறகு கருகும், பிறகு மண்ணின் மேல் வெள்ளையாகப் படலம் கட்டும். அவரை தாங்காது. பருப்புக்கீரை ஓரளவு தாங்கும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும் என்பதால் அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் பிடித்துவைத்து ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து தொட்டி மண்ணில் ஏறிய உப்பைக் கழுவி இறக்கிவிட்டால் அப்புறம் கொஞ்ச நாளைக்குப் புதினாகூட நிற்கும். இதையெல்லாம் கற்றுக்கொண்ட மாதங்களில் எனக்கு உண்மையிலேயே ஆறுதல் கிடைத்தது. கை மண்ணில் இருக்கும் அரை மணி நேரம் யாரும் என்னிடம் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், தோட்டம் பரீட்சைத் தாளாக மாறும்போது. சித்தி கொடுத்த பிச்சி துளிர்த்தபோது வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்தது. சித்திரை வெயிலில் அது பட்டுப்போனபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பூசணி விதை போட்டுக் கொடி ஓடி, பிஞ்சு பிடித்து, ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தது. ‘பிஞ்சைக் கைநீட்டிக் காட்டினால் அழுகிப்போகும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, காட்டிய கை என்னுடையது என்று முடிவாகிவிட்டது. பூசணிக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராத மாடியில் நாமே காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிஞ்சு உதிரும். இதை விளக்கினேன். “அதெல்லாம் சரி, ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றார் ஒரு பெரியவர். அடுத்த மாதம் உறவில் ஒரு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்களாம்.

பெண் நிலம், ஆண் விதை என்ற இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் உண்டானது அல்ல. இந்தியா முழுவதும் சாதிக்குச் சாதி இது எப்படி வேலை செய்கிறது என்று சமூகவியலாளர் லீலா துபே 1986இல் வெளியான தன் ‘விதையும் நிலமும்’ என்ற கட்டுரையில் பிரித்துக் காட்டினார். விளைச்சல் விதைக்காரனுக்குச் சொந்தம், நிலத்துக்கு அதில் உரிமை கிடையாது. அவர் காட்டிய இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்று நான் பார்ப்பது இது: விளையாமல் போனால் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. அப்போது விதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நிலம்தான் மலடு. கரு கலைவதில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் கோளாறால் நேர்கிறது, அதில் அவள் நடந்ததும் சாப்பிட்டதும் தூக்கியதும் ஒன்றும் செய்யவில்லை. திரும்பத் திரும்பக் கலையும் பெண்களின் கணவர்களுடைய விந்தணுவில் மரபணுச் சிதைவு கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு யாரும் ஒரு கன்று கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவருக்கும் துக்கம் இருந்தது. மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார், போகத்தான் வேண்டியிருந்தது.

மருத்துவமனையும் இதே பாட்டைத்தான் வேறு ராகத்தில் பாடுகிறது. நான் காட்டிய இடத்தில் இரண்டு நிமிடம் பேசினார்கள். “சின்ன வயசுதானே, மறுபடி டிரை பண்ணுங்க. மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க, கார்டனிங் மாதிரி ஏதாவது பண்ணுங்க.” ஏன் கலைந்தது என்று கேட்டேன். மூன்று முறை கலைந்தால்தான் டெஸ்ட் எழுதுவோம் என்றார்கள். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி கருக்கள் இப்படிக் கலைகின்றன என்று 2021இல் லான்செட் இதழ் தொடராகவே வெளியிட்டது. மூன்று தடவை வரை காத்திரு என்பதைக் கைவிட வேண்டும், முதல் தடவையிலிருந்தே படிப்படியாகக் கவனிப்பு வேண்டும் என்று அதில் மருத்துவர்களே எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி முயல வேண்டும் என்ற பழைய பரிந்துரையும் ஆட்டம் கண்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்கு முடிவு நன்றாகவே இருந்தது. எங்கள் ஊருக்கு இந்தச் செய்தியெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. ‘ரிலாக்ஸ்’ மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, செடிக்காரி மாதிரியே யோசிப்போம். தொட்டியில் இலை கருகினால் நான் என்ன செய்கிறேன்? தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பார்க்கிறேன். செடிக்குப் புத்தி சொல்வதில்லை. இதே கேள்விகளை உப்பளத்துப் பெண்ணுக்காக யாராவது கேட்கிறார்களா? தமிழ்நாட்டிலேயே உப்பு அதிகம் விளைகிற மாவட்டம் இது. விடியுமுன்பே அளத்துக்குப் போய், வெள்ளைப் பாத்தியின் கண்கூச்சத்தில் நின்று, உப்பு வாரிச் சுமந்து, கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற பெண்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வு 2024இல் வெளியானது. வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. வங்கதேசத்தின் தாகோப் பகுதியில் உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்ப கால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை 2011இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆற்று நீர் கொண்டுபோக ‘20 எம்ஜிடி’ என்று தனித் திட்டமே போட்டார்கள். காற்றைப் பற்றிக் கேட்டாலோ, கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். இரண்டு முறை கலைந்தது. இரண்டாவது முறை நான்காம் நாளே அளத்தில் நின்றார். அவருக்கும் ஒரு சொந்தக்காரர் துளசிக் கன்று கொடுத்திருந்தார். “எங்க வைக்க? வீட்டுக்குள்ள வரைக்கும் உப்புத்தான்” என்று சிரித்தார்.

இதே கடலில் இன்னொரு விளைச்சல் இருந்தது. முத்துச்சிப்பி. நல்ல ஆண்டு வரும், பிறகு பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடக்கும். சிப்பி இல்லாமல் போனபோதெல்லாம் அரசாங்கம் காரணம் தேடியது. நீரோட்டமா, மணல் மூடிவிட்டதா, சிப்பியைத் தின்னும் மீன்களா என்று ஆராய்ந்தார்கள். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துக்கு 1902இல் ஹெர்ட்மேன் என்ற விலங்கியல் பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். அவரோடு வந்த ஹார்னெல் பிறகு இந்தியப் பக்கத்துப் பார்களையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அப்போதும் விடவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் இங்கே வளர்ப்பு முத்து எடுத்துக்காட்டியது, 1981இல் சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கியது. இத்தனை வருடத்தில் சிப்பியின் கைராசியைப் பற்றி எந்த அதிகாரியும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. விற்கிற பொருள் என்றால் காரணத்தைச் சுற்றுப்புறத்தில் தேடுகிறோம். பெண் என்றால் அவளுக்குள்ளேயே தேடுகிறோம்.

முத்துக்குளிப்பு நின்ற அதே 1961இல்தான் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. அதன் பிரிவு 9, கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கச் சொன்னது. அதனால் உடம்பு கெட்டால் பிரிவு 10இன்படி இன்னும் ஒரு மாதம். பிரிவு 4 இன்னும் கறாராக இருந்தது. கலைந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு அந்தப் பெண்ணிடம் தெரிந்தே வேலை வாங்குவது குற்றம் என்றது. இஎஸ்ஐயிலும் 42 நாள் உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் அப்படியே இருக்கிறது. நியூசிலாந்து 2021இல் மூன்று நாள் துக்க விடுப்புக் கொடுத்தபோது உலகமே வியந்து எழுதியது. நம் சட்டம் அதற்கு அறுபது வருடம் மூத்தது, அதுவும் ஆறு வாரம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு அலுவலகத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். அங்கே இதைக் கேட்டபோது, “குழந்தை பொறந்தாத்தானேம்மா மெட்டர்னிட்டி?” என்றார்கள். மூன்று நாள் கேஷுவல் லீவ் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். படித்த எனக்கே இந்தக் கதி என்றால் அளத்து அக்காவை நினைத்துப் பாருங்கள். சட்டம் கேட்கும் 80 நாள் வேலைக்கு அவரிடம் என்ன தாள் இருக்கிறது? மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் பணமாகவும் பொருளாகவும் தவணை தவணையாக வருகிறது. தவணைகள் கர்ப்பம் வளர்வதையும் குழந்தை பிறப்பதையும் ஒட்டியே நகர்கின்றன. பத்தாவது வாரத்தில் நின்றுபோனவளுக்கு அதில் ஒரு வரி கிடையாது. சேர்க்க வேண்டும்.

செடி வளர்க்கிற தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கன்று கொடுப்பவர்கள் யாரும் சொல்லாதது. மறுபடி கருத்தரிக்க முயல்கிற காலத்தில் மண்ணில் கை வைக்கும்போது கையுறை போடுங்கள். பூனை கழித்த மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம், கர்ப்பத்தில் அது தொற்றினால் கருவைப் பாதிக்கும். கீரையை நன்றாகக் கழுவுங்கள், பூச்சிமருந்து தெளிப்பதை வேறு யாராவது செய்யட்டும். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே. முருங்கைக்கீரை நல்லதுதான், மாத்திரைக்குப் பதிலாகாது. பப்பாளியில் காயின் பாலைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள், பழுத்த பழம் ஒன்றும் செய்யாது. எங்கள் மரம் பழுக்கிற மரம். வெட்டியிருக்க வேண்டாம்.

கன்று கொடுக்க வருகிறவர்கள் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ‘ஒனக்கும்’ என்ற சொல்லை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கூடவே அந்தப் பெண் எத்தனை நாளில் வேலைக்குப் போனாள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உப்பளத் தொழிலாளர்களுக்குக் கூலியும் போனஸும் பேச உட்காரும்போது சங்கத்துக்காரர்களும் முதலாளிகளும் எதிரெதிரே அமர்ந்து ஒப்பந்தத் தாள் எழுதுகிறார்கள். அந்தத் தாளில் கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரக் கூலி, நிழல், குடிக்க நல்ல தண்ணீர், கழிப்பறை என்று எழுத வேண்டும். தனிப் பக்கம் கிடையாது என்றால் போனஸ் கணக்குக்குக் கீழேயே எழுதலாம், அங்கே இடம் இருக்கும்.