17 வயதில் பல்கலைக்கழகமா?

"டிசம்பரில் பிறந்த பிள்ளை, 17 வயதில் கம்பசில் தாக்குப்பிடிக்குமோ?" என்று பக்டரியில் ஓர் அக்கா கேட்டார். பயப்படாதீர்கள், பெற்றோரே. ஒன்ராறியோவில் 13ஆம் வகுப்பு 2003இல் நின்றுவிட்டது. அந்த ஆண்டு 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் தம்மிலும் ஒரு வயது மூத்தவர்களோடு போட்டியிட்டு இடம் பிடித்தார்கள்.

பார்ப்பது வயதையல்ல, 12ஆம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களின் புள்ளிகளை. ஆனால் வாட்டர்லூ பொறியியல் போன்ற கடும் போட்டியுள்ள துறைக்குப் புள்ளி மட்டும் போதாது. தன்னைப் பற்றிய படிவமொன்றையும் பிள்ளை நிரப்பவேண்டும். பகுதிநேர வேலை, தொண்டு, டொக்டரிடம் அம்மாவுக்கு மொழிபெயர்த்தது எல்லாம் அனுபவமே. அதைப் பிள்ளையே தன் சொல்லில் எழுதட்டும்.

பிள்ளை இன்னும் தயாரில்லையென்றால், ஒரு வருடம் பிந்திப் போவதில் வெட்கமில்லை. ஊரார் என்ன சொல்வார்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள்.