கூடிப் போட்ட கணக்கு

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நுண்கணித முதல் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தேறவில்லை. அக்கறை போதாது, பள்ளிக் கணிதம் போதாது, வீட்டில் ஆதரவில்லை என்று ஆசிரியர்கள் ஊகித்தார்கள்.

அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன் இந்த ஊகத்தை நம்பவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று 18 மாதம் கூடவே இருந்து பார்த்தார். முன்னவர்களும் உழைத்தார்கள்; ஆனால் தனித்தனியே. பின்னவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் திருத்தினார்கள்.

இதைக் கண்டபின் கறுப்பின மாணவர்களுக்காக அவர் நடத்திய பட்டறையில் எளிய கணக்குகள் கிடையாது. கடினமானவற்றையே கூடிப் போட வைத்தார்; தேர்ச்சி உயர்ந்தது. வகைக்கெழுவை இன்னொருவருக்கு வாய்விட்டு விளக்கும்போதுதான், தன் குழப்பம் எங்கே என்று மாணவருக்குப் பிடிபடுகிறது. தடுமாறுகிறவருக்குப் பழைய பாடத்தையே மறுபடி ஓட்டுவது அவரை அவமதிப்பது.