டிசம்பர் வெயில்

கிறிஸ்துமஸ் என்றால் பனி என்பார்கள். கோவாவிலோ அன்றும் பகலில் 30 டிகிரிக்கு மேல் வெயில். 1998-இல் கொங்கண் ரயில் பாதை முழுதும் திறந்தபின் மும்பைக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். (90க்கு மேற்பட்ட சுரங்கங்கள், போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்!)

சென்ற வருடம் மட்காவ் ஸ்டேஷனில் இறங்கியபோது, 40 வருடங்களுக்கு முன் ஜாதகம் பொருந்தவில்லை என்று என் வீட்டார் மறுத்த பெண்மணியைப் பார்த்தேன். இருவருமே இன்று துணையை இழந்தவர்கள். பெபிங்கா சாப்பிட்டபடி மூன்று நாள் பேசினோம்.

"சங்கத்தில் என்ன சொல்வார்கள், அப்பா?" என்கிறான் மகன்.

அன்பர்களே, மனைவியை இழந்த முப்பது வயதுக்காரருக்கு நீங்களே பெண் தேடுகிறீர்கள். அறுபத்தாறு வயதுக்காரனுக்குப் பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றுவது மட்டும்தான் வேலையா? பொங்கல் விழாவில் எனக்கு இரண்டு நாற்காலி போடுங்கள்.