இரவல் சட்டகம், சொந்த இலக்கணம்

கணிப்பொறி நம் மொழியில் வாக்கியம் அமைத்துத் தரவேண்டுமானால், அடித்தளம் முதல் யாவற்றையும் நாமே செய்தாக வேண்டும் என்பர் நண்பர் சிலர். நான் அதை ஏற்பதற்கில்லை. ஜெர்மன் மொழிக்கு நடந்ததைப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்காக எழுந்தது ‘சிம்பிள்என்எல்ஜி’ என்னும் நிரல். விதிகளைக் கொண்டு வாக்கியம் அமைப்பது அது. மார்செல் போல்மன் 2011-இல் அதை ஜெர்மனுக்கு ஏற்ப மாற்றினார். அதன் நான்காம் பதிப்பை 2019-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஜெர்மனுக்குக் கொணர்ந்தனர். சொற்களையோ, பொதுமக்கள் கூடி எழுதிய விக்சனரியிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

ஆனால், இலக்கணம் இரவலில் கிடைக்குமா? ஜெர்மனில் பால் மூன்று, வேற்றுமை நான்கு. சார்பு வாக்கியத்தில் வினை, நம் மொழியிற்போல, இறுதியில் நிற்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய விதிகள் இதற்குப் போதா. அவற்றைப் புதிதாக எழுதத்தான் வேண்டியிருந்தது.

சட்டகத்தை இரவல் பெறுவதில் இழுக்கில்லை. மிஞ்சும் உழைப்பை இலக்கணத்துக்குச் செலவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: எவரோ முன்பே திறந்து வைத்ததால்தான் எடுக்க முடிந்தது. தமிழ் விக்சனரியும் எல்லார்க்கும் திறந்தே இருக்கிறது. விடுமுறையில் ஆளுக்குப் பத்துச் சொற்களேனும் அதில் சேர்ப்போமா, நண்பர்களே?